இளையபெருமாள் அண்ணனும் ஒழுகும் மதகும்

மேடையில் அமர்ந்திருக்கும் மாவட்டச் செயலாளர் வைத்தியலிங்கம் அவர்களே! மாவட்டச் செயலாளர் பகலவன் அவர்களே! ஒரே மாவட்டத்துக்கு இரண்டு செயலாளர் என்ற பெருமை நம் கட்சிக்குத்தான் உண்டு. எதிரே உட்கார்ந்திருக்கும் பனையடி ஊர் மக்களே, வணக்கம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்று குத்தாலத்தில் நம் இளையபெருமாள் அண்ணனுக்கு நடந்த இரங்கல் கூட்டத்துக்குப் போனேன். அதே கொடி, அதே பெயர், அதே படம். முன்வரிசையில் உட்கார்ந்து தேம்பி அழுது, இரண்டு டீயும் குடித்த பிறகுதான் தெரிந்தது, அது பகலவன் அணிக் கூட்டம். நானோ வைத்தியலிங்கம் அணிக்குக் கிளைச் செயலாளர். அழுத கண்ணீரைத் திருப்பியா கேட்க முடியும்?

இளையபெருமாள் அண்ணன் யார்? கூலிக்கு நடவு நட்ட குடும்பத்தில் பிறந்து, நம் ஊர் வாய்க்காலின் கடைமடையில் சொந்தமாக இரண்டு ஏக்கர் உழுதவர்! முப்பது வருஷம் இந்தக் கட்சிக்குக் கொடி பிடித்தவர்! பதிலுக்கு என்ன கேட்டார்? பதவியா? அந்த வாய்க்கால் மதகின் ஓட்டைப் பலகையை எடுத்துவிட்டு ஓர் இரும்பு ஷட்டர் கேட்டார். தண்ணீர் நிற்காமல் ஓடி நாற்பது குடும்பத்தின் சம்பா கருகுகிறதே, அதற்காகக் கேட்டார்!

டெல்லி வரைக்கும் போனார். அப்போது டெல்லி அரசே நம் ஐந்து எம்.பி.க்களின் தயவில் நின்றது. திரும்பி வந்தவரிடம், "என்னண்ணே, டெல்லி எப்படி இருக்கு?" என்றேன்.

"போடா இராஜாங்கம். நம்ம எம்.பி.ங்க ரெண்டு பேரு, ஒரே லிஃப்டுல ஏறமாட்டேன்னு மல்லுக்கு நிக்கிறாங்க. நான் ஆறு மாடி படியேறிப் போனேன். மேல போனா மந்திரியே இல்ல. கட்சி ஒடஞ்சு கவர்மெண்டு கவுந்துபோச்சாம்."

ஒரு மனுஷன் படியேறி முடிப்பதற்குள் அரசாங்கத்தையே கவிழ்த்த கட்சி நம் கட்சி! எதற்காக உடைந்தது? கொள்கைக்காகவா? மந்திரி நாற்காலியில் யார் உட்காருவது என்று!

பிறகு வந்த அரசிடம் ஓர் அணி ஷட்டர் வேண்டும் என்று மனுக் கொடுத்தது. மறு அணி, அவர்கள் கேட்டதைக் கொடுக்காதே என்று மனுக் கொடுத்தது. ஆபீசருக்கு எவ்வளவு நிம்மதி! இரண்டையும் சேர்த்துக் கட்டி அலமாரி மேலே போட்டுவிட்டார்.

அண்ணன் உடலுக்குக் கொடி போர்த்தவும் இரண்டு அணியும் வந்தன. எந்தக் கொடி மேலே, எந்தக் கொடி கீழே என்று வாசலில் தள்ளுமுள்ளு. அவர் மனைவி ரெங்கம்மாள் அண்ணி எழுந்து வந்தார்.

"ரெண்டையும் இப்படிக் குடுங்க. மதகு ஒழுகுது, சந்துல சொருகலாம்."

சொருகினோம். நான்கு நாளாக ஒழுகவில்லை. இந்தக் கட்சி இந்த ஊருக்குச் செய்த முதல் நன்மை அதுதான்!

ஆனால் துணி எத்தனை நாள் தாங்கும்? கதிர் வருவதற்குள் ஷட்டர் வர வேண்டும். அண்ணன் விட்ட வேலையை நாம் முடிப்போம்! இதோ, ஒரே மனு. இரண்டு செயலாளரும் அண்ணன் படத்துக்கு முன்னால் இப்போதே கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகத்தான் அண்ணி உங்களை ஒரே பெஞ்சில், ஆளுக்கொரு முனையில் உட்கார வைத்திருக்கிறார். யார் முதலில்?

நன்றி. வைத்தியலிங்கம் அவர்கள் எழுந்துவிட்டார்கள். பெஞ்சு தூக்கிக்கொண்டது. பகலவன் அவர்கள் தரையில் இருக்கிறார்கள். பேனாவும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.