பதிலுரைப் பாடல் மட்டும்

இல்லை ஃபாதர், தேத்தண்ணி வேண்டாம். நான் கோவிச்சுக்கொண்டு வரேல்லை. சரி, கோவத்திலைதான் வந்தன் எண்டே வையுங்கோவன். இவ்வளவு காலமும் கோயில் பாட்டு நடத்தினவளிட்டை ஒரு சொல்லுச் சொல்லாமல் மைக்கைத் தூக்கி லெனாட்டிட்டைக் குடுத்தால் விசர் வராதோ?

ஓம், அவன் சங்கீதச் சோதினை பாஸ் பண்ணினவன்தான். நான் இல்லையெண்டேல்லை. ஓர்கனிலை விரல் பறக்குது. ஆனால் போன ஞாயிறு பாத்தனீங்கள்தானே? எடுத்த எடுப்பிலேயே பாட்டை உச்சத்திலை பிடிச்சான். கிழமை முழுக்கக் கடலிலை கத்தித் தொண்டை கட்டின சனம், ஃபாதர். அதுகளுக்கு அது எட்டுமோ? மரியரட்ணம் அண்ணை கூரை அதிரப் பாடுற மனிசன். அவரே நிண்ட நிலையிலை கொட்டாவி விட்டவர்.

என்ன? பாடகர் குழு வடிவாப் பாடட்டும், சனம் கேட்டுக்கொண்டு நிக்கட்டுமாமோ? உது ஆற்றை கதை? பங்குச் சபையோ? இந்தப் பெர்னடெட்டுக்கு வயசு போட்டுது எண்டும் என்னைச் சொல்லியிருப்பினமே! சனம் என்ன கச்சேரிக்கோ வருகுது? ஆர் பாடினால் சனத்தின்ரை வாய் திறக்குதோ, அவைதான் பாட்டு நடத்தோணும். எனக்குத் தெரிஞ்ச தகுதி உதுதான்.

சரி, விடுங்கோ. காணிக்கைப் பாட்டு, நற்கருணைப் பாட்டு, திருநாள் பாட்டு எல்லாத்தையும் அவனே வைச்சிருக்கட்டும். வாசகத்துக்குப் பிறகு வாற பதிலுரைப் பாடலை மட்டும் எனக்கு விடுங்கோ. ஓர்கனும் வேண்டாம்.

ஏன் அது மட்டுமோ? சும்மாதான், பழகிப்போச்சு.

ஐயோ, பெருமைக்கில்லை ஃபாதர். உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது...

என்ரை மூத்தவன் ஜெரிசனைத் தெரியுமெல்லே? பின்னுக்குத் தூணடியிலை நிக்கிறவன். நாங்கள் வீட்டை மகளுக்குச் சீதனமா எழுதினதோடை கோவிச்சுக்கொண்டு வெளிக்கிட்டவன். ரோட்டிலை கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போறான். ஞாயிறுப் பூசைக்கு மட்டும் தவறாமல் வருவான். நான் முன்னுக்கு நிண்டு ஒரு வரி பாடுவன், சனம் பதில் பாடும். அவனும் பாடுவான். என்னைப் பாக்கமாட்டான்தான். எண்டாலும் அவன்ரை குரல் எனக்குத் தெரியாதோ? அவன் எனக்குச் சொல்லுற மறுமொழி அது ஒண்டுதான், ஃபாதர்.

போன ஞாயிறு அந்தப் பதிலையும் லெனாட்டின்ரை ஆக்களே பாடி முடிச்சிட்டினம். என்ரை மூத்தவன் வாய் திறக்கேல்லை.