முன்கூட்டியே சொன்ன சாட்சி

தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி ஏறினேன். எதிரே இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் பக்கத்திலிருந்த சிநேகிதியிடம் சொன்னாள்:

“எங்கக்கா என்கூட பேசிடுச்சுன்னு நேத்து சபையில எழுந்து கர்த்தருக்கு நன்றின்னு சாட்சி சொல்லிட்டேன் மேரி.”

“அப்படியா, எப்போ பேசிச்சு?”

“இன்னும் பேசலை.”

மேரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “இன்னாடி, பொய் சாட்சி சொல்லிட்டு வந்துகீற?”

“பொய் இல்ல, விசுவாசத்துல சொன்னேன். என் பொண்ணு கல்யாணத்துக்கு நேர்ல போய் அழைக்காம போன்ல கூப்ட்டேன்னு அக்காவுக்குக் கோவம், அன்னிலேர்ந்து பேச்சில்ல. இப்போ பேரனுக்கு ஞானஸ்நானம் வருது. அக்கா இல்லாம எப்படி? நம்ம கண்ணுக்குத் தெரியாம கர்த்தர் வேலை செஞ்சுகினுதான் இருப்பாரு.”

“அவரு செய்யட்டும். நீ ஏன் முந்திக்கினே?”

பெருங்களத்தூர் தாண்டியதும் போன் அடித்தது. “அக்காதான் மேரி” என்று திரையை அவளிடம் காட்டினாள். காதில் வைத்ததும் எனக்கே கேட்கும்படி அந்தக் குரல் கத்தியது.

“நான் எப்போடி உன்கூட பேசினேன்? உங்க சபைக்காரங்க என்கிட்டயே வந்து சந்தோஷம்னு சொல்றாங்க.”

“இப்போ பேசறியேக்கா.”

அந்தப் பக்கம் மறுபடியும் திட்டு ஆரம்பித்தது. இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “சரிக்கா, சரிக்கா” என்று சிரித்தாள்.

வண்டலூர் வந்தது. மேரி எழுந்து, “நம்ம ஸ்டேஷன், போனை வைடி” என்றாள்.

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“ஊரப்பாக்கத்துல இறங்கித் திரும்பி வரலாம், உக்காரு. அக்கா இன்னும் திட்டிகினே கீது.”