செம்பட்டைக்கு யார் பொறுப்பு

...அதத்தான் நானும் கேக்குறேன் டீச்சர். ஒரு பொண்ணு தலையில செம்பட்டை பாஞ்சுருச்சுன்னா, ஒடனே பார்லர்க்காரி மேலதான் பழியப் போடணுமா? அசையாதீக. கண்ண மூடிக்கிட்டு, இந்தத் தோல ரெண்டு வெரலால இழுத்துப் புடிங்க. ஆங், அப்பிடித்தான்.

...அப்பாடா. ஒரு புருவம் முடிஞ்சுச்சு. நல்லா வில்லு மாதிரி வந்துருக்கு. கண்ணாடி அப்பறமாப் பாருங்க, அது எங்க போயிரப் போகுது. இந்தத் தொழில்ல இருக்குற ஒரே கொடும என்னன்னா, நூலப் பல்லுல கடிச்சுக்கிட்டா வாயத் தொறக்க முடியாது. இன்னொரு புருவத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன். இல்லைன்னா எனக்கு நெஞ்சு அடைச்சுரும்.

என் தலையில இந்த வெள்ளித்தாளு எதுக்குத் தொங்குதுன்னுதானே வந்ததுலருந்து பாக்குறீக? சாட்சி டீச்சர், சாட்சி! இப்ப ரம்லத்தக்கா மகளக் கூட்டிக்கிட்டு வாராக, ஞாயம் கேக்க. அவுக முன்னாடிதான் இதப் பிரிக்கணும்னு வச்சுருக்கேன்.

நீங்க ஊருக்குப் புதுசு, ரம்லத்தக்காவ ஒங்களுக்குத் தெரியாது. தங்கமான மனுசி. கோவம் மட்டும் வரக்கூடாது. மக முபீனா. அந்தப் புள்ளைக்கு வர்ற ஞாயித்துக்கெழம நிக்காஹ், உத்தமபாளையத்துல. போன்ல ஒரு படத்தக் காமிச்சு, 'ஜான்சிக்கா, எனக்கு இந்தச் சாம்பல் பிரவுன்தான் வேணும்'னு ஒத்தக் கால்ல நின்னா. சரின்னு போட்டு விட்டேன். போறப்ப சிரிச்சுக்கிட்டுத்தான் போனா. ரெண்டு நாளு கழிச்சு, விடிஞ்சும் விடியாம போனு. 'ஏ ஜான்சி, எம்மக தலையில என்னத்தடி ஊத்துன? கேரட்டத் துருவிப் போட்ட மாதிரில்ல இருக்கு!'ங்கறாக.

கேரட்டாம்! எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு.

அழுதுருக்கா அந்தப் புள்ள. மருதாணி வைக்கிற அன்னைக்கு மாப்ள வீட்டுப் பொம்பளைக அத்தன பேரும் வந்து உக்காந்து தலையப் பிரிச்சுப் பாப்பாகளாம். அவுகளுக்கு என்னத்தச் சொல்லுவேன்னு அக்கா கேக்குறாக. ஞாயந்தான், இல்லேங்கல. ஆனா அதோட விட்டாகளா? கல்யாண அலங்காரம் பூராம் எனக்குன்னு பேசி வச்சது, அத உத்தமபாளையத்துல வேறொருத்திக்கு மாத்தப் போறாகளாம். அது மட்டும் போச்சுன்னா நான் கடையப் பூட்டிட்டுத் திராட்சத் தோட்டத்துல கொல பறிக்கப் போகவேண்டியதுதான். கம்பத்துல பாதிப் பேரு அவுக சொந்தம், மீதிப் பேரு அவுகளுக்குப் பழக்கம்.

நான் விடுவனா? 'அக்கா, அதே கம்பெனி டியூப்பு, அதே பிரஷ்ஷு, அதே தண்ணி, என் முடியில போடுறேன். அந்த நெறம் எனக்கும் வந்துச்சுன்னா, நிக்காஹுக்கு அந்தத் தலையோடயே வந்து முன்வரிசையில ஒக்காருறேன். வரலைன்னா குத்தம் ஒங்க வீட்டுலதான்'னு சொல்லிட்டேன். வாய் இருக்கே எனக்கு...

இல்ல, படுத்தே இருங்க. எந்திரிக்காதீக.

கேளுங்க, இது வெவரம் தெரிஞ்சவகளுக்கு வெளங்கும். நம்ம முடி கருப்புன்னு நெனைக்கிறோம்ல? வெளிய மட்டுந்தான் கருப்பு. வெளுக்க ஆரம்பிச்சா உள்ள ஒளிஞ்சிருக்கிறது ஒவ்வொண்ணா வெளிய வரும். மொதல்ல செவ்வாழத் தோல் கணக்கா ஒரு செவப்பு. அப்பறம் ஆரஞ்சு. அப்பறம் பழுத்த வாழப்பழத்துக்கு உள்தோலு இருக்கும்ல, அந்த மஞ்ச. எந்த எடத்துல நிப்பாட்டுறமோ, அந்த நெறத்த அமுக்கத்தான் மேல சாம்பக் கலரு. ஆரஞ்சுன்னா அத அமுக்க நீலம். மஞ்சன்னா கத்திரிப்பூ. மதுரையில படிக்கிறப்ப எங்க மேடம் இத எங்களுக்குத் தூக்கத்துலயே சொல்ற மாதிரி ஆக்கி விட்டாக.

அதுவும் எங்க வச்சுப் பாக்கணும் தெரியுமா? வெயிலு வெளிச்சத்துல. சன்னலோரமா, தோள்ல வெள்ளத் துண்டப் போட்டு. மஞ்ச பல்புக்குக் கீழ பாத்தா எல்லாத் தலையும் செம்பட்டையாத்தான் தெரியும். டியூப்லைட்டுல பாத்தா எந்தச் செம்பட்டையும் தெரியாது, பூராம் சாம்பலாத்தான் மின்னும். ரம்லத்தக்கா அடுப்படி பல்புல பாத்துருப்பாகன்னு மொதல்ல நெனச்சேன். இல்லையாம், மொட்டமாடியில வச்சுப் பாத்தாகளாம். நான்... நான் எங்கிட்டுப் பாத்தேன்? அவ வந்ததே பொழுது சாஞ்சு. டியூப்லைட்டு... சரி, அது கெடக்கட்டும். அது ஒரு பெரிய விசயமில்ல.

டீ குடிச்சீகள்ல? ஆறிப்போயிருச்சா? கீழ பேக்கரி டீதான். அவெங்க பாலுல தண்ணிதான் கூட ஊத்துவாங்க.

தண்ணின்னதும் ஞாபகம் வருது பாருங்க. எனக்கு மொதச் சந்தேகமே அவுக வீட்டுத் தண்ணி மேலதான். போர் போட்டுருக்காக. வாளியில புடிச்சு வச்சா அடியில துரு மாதிரி மண்டும். மேடம் சொல்லுவாக, 'தண்ணியில இரும்போ செம்போ இருந்துச்சுன்னா எம்மாம் பெரிய கம்பெனி கலரும் நிக்காது, திரும்பிரும்'னு. ரெண்டாவது மருதாணி. 'நிசமாச் சொல்லு, தலைக்கு மருதாணி போட்டியா?'ன்னு எத்தன தடவ கேட்டேன்! இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்ணுறா. மூணாவது வெயிலு. மொட்டமாடியில நின்னுக்கிட்டு மாப்ளயோட போன் பேசுவா, முக்காடும் கிடையாது ஒண்ணும் கிடையாது. நாலாவது, முடிய நீட்டுற அந்தச் சூட்டு மிசினு. கலர் போட்ட தலையில அத வச்சு இழுத்தா எந்தக் கலர்தான் இருக்கும்? பச்சத்தண்ணியில அலசு, நீல ஷாம்பு போடு, தலைய மூடிக்கிட்டு வெளிய போன்னு படிச்சுப் படிச்சு சொல்லித்தான் அனுப்புனேன். கேட்டாளோ என்னமோ.

என் கடையில அந்தத் தொந்தரவே இல்ல. நான் போர் தண்ணியத் தொடுறதே கிடையாது. நகராட்சித் தண்ணி வர்றப்ப பிடிச்சு, அந்தா அந்த நீல டிரம்முல நெறப்பி வச்சுக்கிருவேன். முல்லப் பெரியாத்துத் தண்ணி டீச்சர், பாலு! பழைய டிரம்மு வெடிச்சுப் போயி, இது புதுசா எறக்குனது. புதுசுன்னா கடையில வாங்குன புதுசு இல்ல. எங்க மாமா, அதான் வீட்டுக்காரரோட அப்பா, ஏசுதாசன்னு பேரு, காமயகவுண்டன்பட்டியில திராட்சத் தோட்டம் வச்சுருக்காக. அங்கன பம்பு ரூம்புல கெடந்துச்சு. எங்க வீட்டுக்காரரு வினோத்ராஜ் இருக்காரே, அவரு அத எடுக்கவே விட மாட்டேன்னுட்டாரு. 'புதுசு ஒண்ணு வாங்குவோம் ஜான்சி'ங்கறாரு. ஏன், வாங்கத்தான் வரும் அவருக்கு. ஒரு பொருள இருக்குற எடத்துலருந்து எடுத்துட்டு வர ஒடம்பு வணங்காது. நானே டவுன் பஸ்ஸுல கண்டக்டர்கிட்ட மல்லுக்கட்டி ஏத்திக் கொண்டாந்தேன். சோப்புப் பொடி போட்டுத் தேச்சுக் கழுவி, பளிச்சுன்னு ஆக்கிட்டேன்ல?

இந்த வாஷ்பேசினத்தான் பளிச்சுன்னு ஆக்க முடியல. பாருங்க, ஓட்டையச் சுத்திப் பச்ச புடிச்சுக் கெடக்கு. கட்டடக்காரரு போட்ட மட்டமான பேசினு. போன வாரந்தான் இப்பிடி ஆச்சு. வந்து பாருங்கன்னா, வாடகைக்கு மட்டும் டாண்ணு வருவாரு.

சரி டீச்சர், ஒங்களுக்கு எதுக்கு அவசரம்? ஸ்கூலு விட்டாச்சுல்ல. ரம்லத்தக்கா வர்றவரைக்கும் எனக்குப் பொறுக்கல. ஒங்க முன்னாடியே பிரிச்சுருறேன். நீங்களே பாத்துச் சொல்லுங்க. படிச்சவுக சொன்னா அவுக கேப்பாக.

இந்தா, தாளப் பிரிச்சாச்சு. இப்ப ஈரத்துல ஒண்ணும் சொல்ல முடியாது. ரெண்டு கப்பு ஊத்தி அலசிக்கிறேன்... இந்தச் சட்டிய கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளுங்க... ம். துண்டு. நல்லாத் தொவட்டியாச்சு, காஞ்சுருச்சு. இந்தா, சன்னலுக்கே வந்துட்டேன். வெள்ளத் துண்டு, நல்ல வெயிலு. சட்டமெல்லாம் கரெக்டா இருக்கா?

பாருங்க டீச்சர். என்ன தெரியுது?

ஏன் பின்னாடி நகந்து போறீக?

...கண்ணாடியக் குடுங்க.

ஏசப்பா.

இல்ல, இருங்க. இருங்க. இது... கேரட்டுன்னு சொல்ல முடியாது. சொல்லலாம். கேரட்டேதான். எப்பிடி? எனக்கு மருதாணி கிடையாது. நான் வெயில்ல நிக்கல, மிசினு வைக்கல. டியூப்பு அப்பத்தான் பிரிச்சது. முபீனா வீட்டுப் போர் தண்ணி என் தலையில ஒரு சொட்டுப் படல. காலையில முடிய அலசுனது, இப்ப அலசுனது, எல்லாமே நம்ம டிரம்முத் தண்ணிதானே...

டிரம்மு.

டீச்சர், அந்த டிரம்ம வேணாம்னு எங்க வீட்டுக்காரரு என்ன காரணம் சொன்னாரு தெரியுமா? நான் பாதியில அவரு வாய அடைச்சுட்டேன். 'அடியே, அது மருந்து கலக்குற டிரம்முடி'ன்னாரு. திராட்சக் கொடிக்கு அடிப்பாகள்ல, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைச்சு... வருசக்கணக்கா அதுலதான் கரைச்சிருக்காக. உள்பக்கம் கரகரன்னு நீலமா ஒட்டிக்கெடந்துச்சு. டிரம்மே நீலந்தானன்னு நான் பெருசா எடுத்துக்கல. மயில்துத்தம்னா என்ன? செம்பு! செம்புல செய்யிற உப்புதான் அதுன்னு மாமா எத்தன தடவ சொல்லிருக்காக! பேசினுல பச்சப் புடிச்சதும் அதேதான். அய்யோ, பாவம் அந்தக் கட்டடக்காரரு.

டிரம்மு வந்தப்பறம் இங்கன தலைக்குக் கலர் போட வந்த மொத ஆளே முபீனாதான்.

இல்ல இல்ல, டீ பேக்கரித் தண்ணி. பயப்படாதீக. ஒங்க மொகத்துல நான் இந்தத் தண்ணியத் தொடவே இல்ல, பவுடர் மட்டுந்தான் போட்டேன்.

படியில சத்தம் கேக்குதா? அந்த நடை அவுகதான். டீச்சர், நீங்க கொஞ்சம்... நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாம், சும்மா பக்கத்துல இருங்க, வேத்து ஆளு இருந்தா அக்கா சத்தம் போட மாட்டாக. எங்க அந்தத் துண்டு? தலைய மூடிக்கிட்டுப் பேசலாமா? ச்சே, அது வேணாம். அந்தப் புள்ள அழுதுச்சுல்ல.

வாங்கக்கா, வாங்க. வாம்மா முபீனா. ஒக்காருங்க. தண்ணி குடிக்கிறீகளா... இல்ல, தண்ணி வேணாம், தண்ணி வேணாம். அக்கா, சத்தம் போடுறதுக்கு முன்னாடி என் தலையப் பாத்துருங்க. ஆமா. அதே நெறந்தான். சிரிக்காத முபீனா. சரி சரி, சிரி. குத்தம் ஒங்க வீட்டுல இல்லக்கா, இந்தா நிக்கிதே இந்த டிரம்முல. அதக் கொண்டாந்தவ நானு. சரி பண்ணிரலாம்க்கா, செம்ப உருவி எடுக்குற ஷாம்பு மதுரையில கெடைக்கும், நாளைக்கே வந்துரும். வினோத்து கேன் தண்ணி எறக்குவாரு, அதுலதான் இனிமே இந்தத் தலைய அலசுவேன். சன்னலோரமா, பகல்ல. சாம்பலு வராம நான் ஒங்கள அனுப்ப மாட்டேன். இல்லேன்னா முன்வரிசையில எனக்கொரு நாற்காலி போட்டுருங்க. நான் பொய் சொல்லலன்னு வேணும்னா இந்த டீச்சர்கிட்டயே கேளுங்க, எல்லாத்தையும் அவுக கண்ணால... டீச்சர்?

எங்க போனாக?

அடக் கடவுளே. ஒத்தப் புருவந்தானே எடுத்துருந்தேன்... அந்த மனுசி நாளைக்கு எப்பிடி ஸ்கூலுக்குப் போவாக?

சரி. முபீனா, நாற்காலி காலியாத்தான் இருக்கு. வந்து ஒக்காரு ஆத்தா.