ஆறு நம்பர்

ஏழே முக்கால்ல இருந்து நாலு தடவ கூப்பிட்டுட்டேனுங்க, குமரகுரு எடுக்கல. என்ற தம்பிங்க. இல்லீங்க அம்மணி, பயப்படற மாதிரி ஒண்ணுமில்ல, குளிச்சுக் கெளம்பறதுக்கே அவனுக்கு ஒரு மணி நேரமாகும். கையும் காலும் பொறந்ததுல இருந்தே சொன்ன பேச்சுக் கேக்காது. பேச்சும் கொழறும், பழகுனாத்தான் புரியும். புத்தி நெம்பத் தெளிவு. சித்த இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க, பஸ்சு சேலம் போற வரைக்கும் அங்க வெயில் அடிக்கும்.

குமாரபாளையந்தானுங்க நாங்க. எட்டுத் தறி ஓடுது. எங்கம்மா போனதுக்கப்புறம் அவன் எங்கூட்லதான் இருந்தான்.

அட, உதவித்தொகைய நம்பியெல்லாம் இல்லீங்க. பி.காம் படிச்சவன். சேலத்துல ஒரு ஆடிட்டர்கிட்ட வேல, ஊட்ல இருந்தே பாத்தான். ஒத்த வெரல் முட்டியில தட்டித் தட்டியே பாதித் தறிக்காரங்களுக்கு ஜிஎஸ்டி கணக்குப் போட்டுருவான். எங்கூட்டுக்காரரு பண்ணுன தப்பக் கண்டுபிடிச்சு, மாமா, அரசாங்கத்துக்கு நீங்க தானம் குடுத்துட்டு இருக்கறீங்கன்னு சிரிப்பான். சிரிச்சான்னா வீல்சேரே ஆடும்.

சம்பளம் அவன் கணக்குக்குத்தானுங்க வரும். ஆனா போன் நம்பர் என்றது. பதினெட்டு வயசுல உதவித்தொகைக்குக் கணக்குத் தொறக்கறப்ப எங்கம்மா என்ற நம்பரக் குடுத்துருச்சு. எங்க பக்கம் அப்படித்தானுங்களே, ஊட்டுக்கு ஒரு நம்பரு, எல்லாக் கணக்கும் அதுலதான். அவன் லேப்டாப்புல யாருக்குப் பணம் அனுப்புனாலும் அந்த ஓடிபி, ஆறு நம்பரு, எனக்குத்தான் வரும். அக்கா, நம்பர் சொல்லும்பான் ரூமுக்குள்ள இருந்து. நான் அடுப்படியில நின்னு சொல்லுவேன். பிரியாணி வாங்குனாலும் எனக்குத் தெரியும், சட்ட வாங்குனாலும் தெரியும். இந்தச் சட்டைக்கு எதுக்குடா இத்தன வெலன்னு ஒருக்கா கேட்டுட்டேன். நீ மாமனுக்குத் தெரியாம வாங்குன பொடவையப் பத்தி நான் பேசுனேனாக்கான்னான்.

பேங்குக்குக் கூட்டிட்டுப் போகாம என்னங்க. படி ஏறோணும், அதனால அவன் சேரோட கீழயே இருப்பான். பேங்குக்காரம்மா எறங்கி வந்து, இவரு என்ன சொல்றாருன்னு என்னையக் கேக்கும். எங்கிட்டக் கேளுங்க, கணக்கு என்னுதுன்னு கத்துவான். எனக்குன்னு ஒரு நம்பர் வாங்கிப் போட்டுக் குடு அக்கான்னு அப்பவே கேட்டான். நாந்தான் மாத்தலாம் மாத்தலாம்னு வருசத்த ஓட்டிட்டேன்.

இந்தத் தை மாசம் சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல ஒரு ஊடு பாத்தான். தனியா இருக்கறேன், ஆபீசுக்கே போயி வேல பாக்கறேன்னு. நல்ல ஊடுங்க. வாசல்ல படியே இல்ல, பாத்ரூம் வரைக்கும் சேர் போகும். அவனுக்குத் தோதா அப்படி ஒண்ணு கெடைக்கறது லேசில்ல. ஷாலினின்னு ஊட்டுக்காரம்மா. சாயங்காலம் அஞ்சுக்குள்ள அட்வான்ஸ் அறுபதாயிரம் அனுப்பிருங்க, இன்னொரு பார்ட்டி நிக்கறாங்கன்னு சொல்லிருச்சு. அத்தனையும் அவனே சேத்து வெச்ச காசு.

நாலு மணிக்கு, அக்கா, நம்பர் சொல்லுன்னான். வரலடான்னேன். மறுபடி தட்டுனான். டவர் இல்லையாட்ட இருக்குதுடான்னேன். மூணாவது தடவையும் அதேதான்.

அதயும் கேட்டானுங்க. மாமா அனுப்பட்டும், நாளைக்குத் தாரேன்னு. அவரு சேந்தமங்கலம் போயிட்டாரு, போன் எடுக்கலைன்னு சொன்னேன். அஞ்சரைக்கு அந்தம்மா கூப்பிட்டு, வேற ஆளுக்கு உட்டாச்சுங்கன்னுருச்சு. அவன் அன்னிக்கு ராத்திரி சோறு வேண்டான்னுட்டான்.

இப்ப சேலத்துலயே அன்னதானப்பட்டிப் பக்கம் இருக்கறான். வாசல்ல ரெண்டு படி. எதுத்த கடைக்காரங்க ரெண்டு பேரு காலைல எறக்கி உடறாங்க, சாயங்காலம் ஏத்தி உடறாங்க. போன வாரம் ஒருத்தருக்குக் கை நழுவிருச்சு. சேரோட உழுந்து தாடையில தையலு. ஆடிட்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அதுக்குத்தானுங்க போறேன். இல்லீங்க, வரச் சொல்லல. கதவத் தொறந்தாப் போதும்.

நல்லா பாத்துக்கிட்டேன்னு சொல்லாதீங்க அம்மணி. சொந்தமா ஒரு போன் வாங்கி, அந்த நம்பர ஏத்தோணும்னு அவன் பேங்குக்குப் போனப்ப நானுந்தான் கூடப் போனேன். பேங்குக்காரம்மா கம்ப்யூட்டர்ல பாத்துட்டு வந்து, தை மாசம் மூணு தடவ மெசேஜ் போயிருக்குதே, போய்ச் சேந்தும் இருக்குதேன்னுச்சு. அவன் என்ற பக்கம் திரும்பக்கூட இல்ல.

ஆமாங்க, வந்துச்சு. மூணும் வந்துச்சு. ஷாலினி, அறுபதாயிரம்னு போட்டு. போனக் கையில வெச்சுக்கிட்டுத்தான் வரலைன்னேன். எங்கூட்டுக்காரரும் பட்டறையிலதான் இருந்தாரு. தறிக் கடனுக்கு மாசம் எட்டாயிரம் அவன் போட்டுட்டு இருந்தான், போயிட்டா யாரு போடறது. தனியாப் போயி உழுந்து கெடப்பானேன்னு பயமும் இருந்துச்சுங்க. எது மொதல்ல வந்துச்சுன்னு கேட்டீங்கன்னா, கடன்தான்.

மார்ச் ஒம்பதாந்தேதி நம்பர மாத்திக்கிட்டான். பன்னெண்டாந்தேதி ஊட்ட உட்டுப் போயிட்டான்.