நூற்றுத் தொண்ணூற்றாறு

— தப்பு. அஞ்சும் எட்டும் பதிமூணு. மிச்சம் ஒண்ணை அடுத்ததுல சேர்க்கலை நீங்கோ.

— என் கங்கே, கண்ணை மூடிண்டு கிடக்கறவளுக்கு நான் எழுதறது எப்படித் தெரியறது?

— வாய்விட்டுன்னா கூட்டறேள். மட்டாஞ்சேரி பூரா கேக்கும்.

— குருமொளகுச் சாக்கு எண்ணிப் பழகின வாயாக்கும். உன்னைப்போல பள்ளிக்கூடத்துல கணக்குப் பாடம் எடுத்த வாயா இது?

— காலண்டர் தாள் மிச்சம் இருக்கோ?

— பின்பக்கமும் எழுதியாச்சு. எண்ணு இப்போ ஒரு வரியிலே அடங்கலை, கேட்டியா. போன தடவை இப்படியா? எண்பத்தொம்போது தந்தே. திருப்பிப் போட்டுக் கூட்டுங்கோ, வந்ததையும் திருப்பிப் போட்டுக் கூட்டுங்கோ, ரெண்டு பக்கத்துலேர்ந்து வாசிச்சாலும் ஒண்ணா வந்தா ஆஸ்பத்திரிக்கு வரேன்னே. வந்ததோ இல்லையோ? எட்டு எட்டு ஒண்ணு மூணு ரெண்டு, நடுவிலே மூணு பூஜ்யம், அப்புறம் ரெண்டு மூணு ஒண்ணு எட்டு எட்டு!

— வந்தது. நானும் வந்தேன். மருந்து ஏத்தினா. முடி போச்சு, வாயெல்லாம் புண்ணு.

— கட்டி கொறைஞ்சுதே.

— ஓணம் வரைக்கும்.

— இன்னொரு தடவை ஏத்தினா அப்படியே நிக்கும்னு டாக்டர் சொன்னாரே.

— அவர் சொல்லலை. நீங்கோ கேட்டேள், அவர் தலையாட்டினார்.

— சரி, நீ எண்ணைக் கேளு. நாலும் ரெண்டும் ஆறு…

— ஏன்னா, அந்தப் பேனாவை வையுங்கோ.

— பந்தயம்னா பந்தயமாக்கும். ஆறும் ஏழும்…

— இந்தத் தடவை வராது.

— எது?

— நூத்தித் தொண்ணூத்தாறு. எத்தனையோ பேர் கம்ப்யூட்டர் வெச்சுக் கூட்டிப் பாத்தாச்சு. கோடிக்கணக்கிலே இலக்கம் நீண்டுது, ரெண்டு பக்கமும் ஒண்ணா வரவே இல்லை. தெரிஞ்சேதான் தந்தேன்.

— வரவே வராதுன்னு யாராவது நிரூபிச்சிருக்காளா?

— இல்லை.

— அப்போ வந்தாலும் வரலாம்.

— வரலாம். அத்தனை நாள் எனக்கில்லை. ‘வரமாட்டேன்’னு மூஞ்சிக்கு நேரே சொன்னா நீங்கோ அழுவேள். அதைப் பாக்கத் தெம்பில்லை. இனிமே ஆஸ்பத்திரியிலேர்ந்து வரச்சே தோப்பும்படி பாலத்து டிராஃபிக்குல வாந்தி எடுத்துண்டு கிடக்க என்னால ஆகாது. கோவமா?

— இல்லைடீ.





— வியாழக்கிழமை டாக்டர்ட்ட என்ன சொல்லுவேள்?

— சொல்லியாச்சு. நூத்தித் தொண்ணூத்தாறு வராதுன்னு நம்ம பையன் அபிராம் ஞாயித்துக்கிழமையே பெங்களூர்லேர்ந்து போன்ல விளிச்சுச் சொன்னான். அப்போவே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, இனி வரலைன்னுட்டேன். நீ கண்ணை மூடிண்டு கேளு, தப்பினா சொல்லு. ஆறும் ஏழும் பதிமூணு…