பாட்டுக்காரரின் கதிரை

“அந்தப் பாட்டுக்காரர் இருந்த கதிரையில அங்க ஒருத்தரும் இருக்கேலாது.”

மனுரேவா நிலையத்தில் ரயில் ஏறி, இடமில்லாமல் நின்றேன். எதிரே ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, அமெரிக்கப் பாலைவனத்தில் உள்ள ஓர் உல்லாச ஊருக்குப் போய் வந்த கதையைத் தன் மலேசியத் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அவரு இன்னும் அந்த நாற்காலியிலதான் உக்காருறாரா?”

“செத்துக் கனகாலம். எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் அவரின்ர கதிரைக்குக் கயிறு கட்டி வச்சிருக்குதுகள். என்ர தம்பி ஒரு ஃபிலிம் ரோல் முழுக்க அதைத்தான் படமெடுத்தவன். வேற இடமில்லாமல் நாங்கள் நிண்டுகொண்டு சாப்பிட்டனாங்கள். விசர்ச் சனம்!”

“சரி, உங்க பையை எடுங்க. பாவம், நிக்கிறவங்க உக்காரட்டும்.”

பக்கத்து இருக்கையில் பாட்டுக்காரரின் முகம் அச்சிட்ட துணிப்பை சாய்ந்திருந்தது.

“ஐயோ, மடியில வச்சா அவரின்ர முகம் கசங்கிப்போகுமெல்லே!”

நகரம் வரை நானும் நின்றுகொண்டே போனேன்.