மட்டி ஊறிய தண்ணீர்

மட்டி சரியாகப் பதினெட்டு மணித்தியாலம் நல்ல தண்ணீரில் ஊறியது. அவ்வளவு நேரம் ஊறினால் ஒரு மணலும் பல்லில் கடிபடாது. இரஞ்சிதம் எதையும் ஒழுங்காகச் செய்பவள். அதை நான் மறுக்கவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா.

முல்லைத்தீவு மீன்பிடி அலுவலகத்துக்கு நான் விஞ்ஞானப் பட்டத்தோடு வந்து இரண்டு வருடம். அங்கே வேலைசெய்யும் பரமேஸ்வரனும் நானும் கடலோரக் களப்பில் மட்டிச் சிப்பி எடுத்துக் கொழும்புக்குப் பரிசோதனைக்கு அனுப்புவோம். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்துத் தகரங்களை வாய்க்காலில் கழுவுகிறார்கள். வாய்க்கால் களப்பில் விழுகிறது. மீன் விலகிப் போய்விடும். மட்டி இருந்த இடத்திலேயே இருந்து மருந்தைத் தன் சதையில் சேர்த்துக்கொள்ளும்.

கூடையைச் சைக்கிளில் பரமேஸ்வரன்தான் கட்டுவார். "நீங்கள் இல்லாட்டி இந்த வேலை ஓடாது" என்பார். அதற்குமேல் ஒன்றும் சொன்னதில்லை. மாசியில் முள்ளியவளை இரஞ்சிதத்தைக் கட்டினார். அதன்பிறகு கூடை அவளுடைய சிவப்புத் தலைநாடாவால் கட்டப்பட்டு வந்தது. ஒவ்வொரு நாளும் நான்தான் அதை அவிழ்த்தேன்.

எனக்குப் பொறாமை இல்லை. அவளுக்குச் சமைக்கத் தெரியும், எனக்கு வாசிக்கத் தெரியும்.

அந்த வியாழக்கிழமை அவர் கொழும்பில். ஐந்து மாத வயிற்றோடு அவள் அலுவலகத்துக்கு வந்தாள். கையில் வாய்க்கால் முகத்து மட்டி.

"அக்கா, முடிவு வரட்டும், பிறகு தின்னலாம் எண்டவர் இவர். எனக்கெண்டா நாக்கு நிக்குதில்லை. நல்ல தண்ணியிலை ஊறப்போட்டா எல்லாம் கக்கிப்போடும்தானே?"

"மணலெல்லாம் கக்கிப்போடும்" என்றேன். அது உண்மை.

அவள் சிரித்தாள். "படிச்ச நீங்கள் சொன்னாச் சரி. அதுசரி, எப்பயக்கா எங்களுக்குக் கலியாணச் சோறு?"

மறுநாள் வெள்ளி. மாமியார் மீன், மச்சம் தொடமாட்டா. பிள்ளைத்தாச்சி என்பதால் அவளுக்கு மட்டும் வெளியடுப்பில் கறி வைக்க விட்டா. எனவே ஒருத்திதான் சாப்பிட்டாள். வேறு எவருக்கும் ஆபத்து வராது என்று எனக்குத் தெரிந்திருந்தது. பின்னேரம் வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அவள் போனாள், வயிற்றில் இருந்ததும்.

கொழும்பு முடிவு எப்போது வந்தது என்று மூன்று தரம் கேட்டுவிட்டீர்கள். அவளும் வியாழக்கிழமை அலுவலகத்திலிருந்து போகும்போது படியில் நின்று கேட்டாள். "இன்னும் இல்லை" என்றேன்.

கடிதம் திங்கட்கிழமையே வந்தது. அவள் கேட்டபோது என் மேசையில் கொப்பிக்குள் இருந்தது. அந்த மட்டி ஆளைக் கொல்லும் என்ற வரியின் கீழ் நான் ஏற்கெனவே கோடு போட்டிருந்தேன்.